பிள்ளை அழாத கலர்

1

இது ஒரு கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. வீட்டு அலங்காரத்துக்கென்று வரும் ஒரு மாத இதழில் கேட்டார்கள்: வெளிர் மஞ்சளைப் பற்றி இரண்டு பக்கம். அதற்கு என்ன பொருள், வீட்டில் எங்கெங்கே பூசலாம், அவ்வளவுதான். நான் இருப்பது ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூரில் உள் அலங்கார வேலை செய்யும் முனீஸ்வரியைத் தெரியும். போய்ப் பேசினேன். அவர் சொன்னதில் முதல் பாதி கட்டுரைக்கு ஆனது. மறுபாதியை என்ன செய்வதென்று தெரியாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரையின் முதல் வரி இப்படி இருந்தது: 'வெளிர் மஞ்சள் என்பது வெயிலின் நினைவு.'

அடித்துவிட்டேன். வெளிர் மஞ்சள் என்பது வெள்ளைப் பெயிண்டில் கொஞ்சம் மஞ்சளும், அந்த மஞ்சள் கத்தாமல் இருக்கத் துளிப் பழுப்பும் சேர்த்தது. நினைவெல்லாம் ஒன்றுமில்லை.

2

கட்டுரைக்கு ஆன பகுதி:

மஞ்சள் நமக்கு மங்கலம். கல்யாணப் பத்திரிகையின் நான்கு மூலையிலும் தடவுகிறோம், புதுத்துணியில் ஒரு பொட்டு வைக்கிறோம். அதையே சுவர் முழுக்கப் பூசினால் உள்ளே உட்கார முடியாது. அதனால் வெளுக்க வைக்கிறோம். சந்தனக் கலர், கிரீம் கலர் என்று கடைக்குக் கடை பெயர் மாறும். "பால் சுண்டும்போது, கோவா ஆகறதுக்கு முன்னாடி ஒரு நிறம் வரும் பாருங்க, அது" என்றார் முனீஸ்வரி. வெயில் வராத அறைக்கு நல்லது. சின்ன அறையைக் கொஞ்சம் பெரிதாகக் காட்டும். மர நிறத்தோடும் சாம்பலோடும் ஒத்துப்போகும். டியூப் லைட் மட்டும் ஆகாது, சுவர் பச்சை தட்டிவிடும். மனதுக்குச் சாந்தம் தரும்.

சாந்தம் தரும் என்று யார் கண்டுபிடித்தது என்று கேட்டேன். முனீஸ்வரி எழுந்து ஃபேனை நிறுத்தினார். பிறகு பொன்மணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

(ஃபேன் நின்றது மின்சாரம் போனதால். அவர் எழுந்து நிறுத்தினார் என்றால் கதைக்கு நன்றாயிருக்கிறது. இருக்கட்டும்.)

3

'பொன்மணி ஓர் அழகான —'

வேண்டாம். பொன்மணியின் கணவர் ஆல்வின், ஒரு ஸ்பின்னிங் மில்லில் சூப்பர்வைசர். ராஜபாளையத்தில் சொந்த வீடு. கல்யாணமாகி வெகு காலம் கழித்து உண்டான பிள்ளை. அதனால் அது பிறக்கும் முன்பே அதற்கென்று ஓர் அறை. வடக்குப் பார்த்து ஒரே ஜன்னல். வெயில் எட்டிப் பார்க்காது.

முனீஸ்வரி நான்கு சுவருக்கும் அந்த வெளிர் மஞ்சளைத் தேர்ந்தெடுத்தார். திரைச்சீலைக்கும் அதே நிறம், தொட்டில் துணிக்கும் அதே நிறம். "ஒரே நிறத்துக்குள்ள இருந்தா, பிள்ளைக்கு வயித்துக்குள்ள இருக்க மாதிரியே இருக்கும்" என்று ஆல்வினிடம் சொன்னாராம். அந்தப் பேச்சில்தான் அவர் சம்மதித்தார்.

ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒத்தாசைக்குப் பொன்மணியின் அக்கா செல்லக்கனி வந்திருந்தார். பச்சை உடம்புக்குக் காற்று ஆகாதென்று திரையை இழுத்துவிட்டார். அந்த அறைக்குள் வந்த வெளிச்சமெல்லாம் அந்தத் துணி வழியாகத்தான் வந்தது.

பார்க்க வந்த அடுத்த வீட்டுக்காரி தொட்டிலுக்குள் குனிந்து, "ஏட்டி பொன்மணி, அவரும் கறுப்பு, நீயும் கறுப்பு. இவன் மட்டும் எப்படிட்டி தங்கமா இருக்கான்!" என்றாள். வந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய இதையே சொன்னார்கள். அடுத்துச் சொன்னது, "எம்புட்டு அமைதியா கெடக்கான்."

அமைதியாகத்தான் கிடந்தான். ஆஸ்பத்திரியில் அழுதவன், அறைக்கு வந்தபின் அழுகை குறைந்தது. பிறகு நின்றுவிட்டது.

4

வேலை முடிந்த அறையை வீடியோ எடுக்க முனீஸ்வரி வந்தார். இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு. பொன்மணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் உங்க கலர்தான்க்கா. இதுக்குள்ள கொண்டாந்து போட்டா சத்தமே இல்ல." முனீஸ்வரி அதையே தலைப்பாக எழுதினார்: 'பிள்ளை அழாத கலர்.' மாலைக்குள் இரண்டு வீட்டிலிருந்து அதே கலர் கேட்டுப் பேசிவிட்டார்கள்.

மறுநாள் காலை, தொட்டிலில் பிள்ளையோடு எடுத்த அறையின் போட்டோ ஒன்றைச் சரிசெய்து கொண்டிருந்தார். படத்தில் வெள்ளைத் தரைகூட மஞ்சளாக விழுந்திருந்தது. மஞ்சளைக் குறைக்கப் போனில் விரலால் தள்ளினார்.

"தரை வெளுத்துச்சு. திரை வெளுத்துச்சு. இன்னுங் கொஞ்சம் தள்ளுனேன், சுவரும் வெள்ளையாயிருச்சு" என்றார். "பிள்ள ஆகலக்கா."

'வெள்ளை அறையின் நடுவே அந்தக் குழந்தை மட்டும் —' என்று தொடங்கினேன், முடிக்க முடியவில்லை. படத்தை என்னிடம் காட்டினார். கால் விரல் வரை மஞ்சள். இமை லேசாகத் திறந்திருந்தது, உள்ளேயும் மஞ்சள்.

5

இந்த இடத்தில் எனக்கு முனீஸ்வரி மேல் சந்தேகம் வருகிறது. உடனே போன் செய்தாரா?

"செத்த நேரம் ஆச்சு" என்றார்.

எவ்வளவு நேரம்?

"செத்த நேரந்தான்க்கா."

விரலைத் திரும்ப இழுத்தாராம். அறை மஞ்சளானது, பிள்ளை நன்றாக இருந்தான். மறுபடி தள்ளினாராம். போன் கோளாறு என்று நினைத்தாராம். மறுபடி இழுத்தாராம். (கேட்டு வந்த இரண்டு வீட்டையும் நினைத்திருப்பார். இது அவர் சொன்னதல்ல, நான் எழுதுவது. ஒருவேளை அநியாயம்.)

பிறகு அழைத்தார். செல்லக்கனி எடுத்தார்.

"பிள்ள முழிச்சிருக்கானா?"

"உறங்குதான்மா. பாலுக்குக்கூட எந்திரிக்க மாட்டேங்கான். அம்புட்டு நல்ல பிள்ள."

"அவன வாசலுக்குத் தூக்கிட்டு வாங்க."

"காத்து அடிக்கே."

"தூக்கிட்டு வாங்கக்கா! வெளிச்சத்துல வச்சுப் பாருங்க."

போனை யாரும் வைக்கவில்லை. காலடிச் சத்தம், தாழ்ப்பாள் சத்தம். தெருவில் ஒரு பைக் போனது, அதனால் வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று முனீஸ்வரிக்குத் தெரிந்தது. கொஞ்சம் தள்ளி, பொன்மணியின் குரல்:

"ஏக்கா, இது யாரு பிள்ள?"

6

மதுரைக்குக் கொண்டு ஓடினார்கள். காமாலை முற்றியிருந்தது. நீல வெளிச்சத்தின் கீழே போட்டார்கள், ரத்தத்தை மாற்றினார்கள். அழாமல் கிடந்தது அமைதியில்லை, அழத் தெம்பில்லாமல் கிடந்திருக்கிறான் என்று டாக்டர் ஆல்வினிடம் சொன்னார். பிள்ளை பிழைத்தான்.

அவன் பிழைக்காத ஒரு முடிவை எழுதிப் பார்த்தேன். கதை இறுக்கமாக வந்தது. கிழித்துப் போட்டேன். எல்லாம் சரியாகி, ஆல்வின் அறைக்கு வெள்ளையடிக்கும் ஒரு முடிவையும் எழுதினேன். வெள்ளையடித்தது உண்மைதான். ஆனால் பொன்மணி இன்னமும் பகலெல்லாம் பிள்ளையை வாசலுக்குத் தூக்கி வருகிறாள். வெயிலில் முகத்தைப் பார்த்து, கண்ணிமையை விலக்கிப் பார்த்து, இவன்தான் என்று உறுதியான பிறகே உள்ளே கொண்டுபோகிறாள்.

முனீஸ்வரி அந்த வீடியோவை அழித்துவிட்டார். ஆனால் அது யார் யார் போனிலோ சுற்றுகிறது. போன வாரம் செட்டியார்பட்டியிலிருந்து ஒருவர் வந்தாராம், மனைவிக்கு எட்டாம் மாதம். தன் போனை நீட்டி, "இந்தா, பிள்ள அழாத கலருன்னு போட்டிருக்கே, இது என்ன பெயிண்டு நம்பரு?" என்று கேட்டிருக்கிறார். திரையில் பொன்மணியின் பையன் தங்கமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். முனீஸ்வரி நடந்ததைச் சொன்னார். வந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, நம்பரச் சொல்லுங்க" என்றாராம்.

(கட்டுரை வெளிவந்துவிட்டது. 'சாந்தம் தரும்' என்ற வரியை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினேன். ஆசிரியர் சேர்த்திருக்கிறார்.)

7

நேற்று முற்பகல் பொன்மணி வீட்டுக்குப் போனேன். இவர்களைப் பற்றி எழுதச் சம்மதம் கேட்க. பையன் இப்போது உட்காருகிறான். பசித்தால் நன்றாகவே அழுகிறான். நான் போனபோது பாயில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு டப்பா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"எழுதிக்கோங்க" என்றாள் பொன்மணி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்த வேண்டிய அவசியம் இருக்கிறதா என்று நான் யோசித்தேன். "காதுக்கு மெஷின் வச்சுப் பாத்தாக. சரியா வரல, இன்னொருக்க வாங்கன்னாக. இந்தக் காமாலைல காது போறதும் உண்டாம். அவிய மில்லுக்குப் போன பொறவு நானே கையத் தட்டிப் பாப்பேன். ஒரு நேரம் திரும்புதான். ஒரு நேரம் திரும்ப மாட்டேங்கான். சத்தத்துக்குத் திரும்புதானா, சும்மா திரும்புதானான்னு எனக்குத் தெரியல."

சத்தமில்லாமல் எழுந்து அவனுக்குப் பின்னால் போய் நின்றாள். நிழல் அவன் மேல் விழாமல் ஒதுங்கி நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள். என்னைப் பார்த்தாள்.

அவள் தட்டினாள். நான் அவன் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதினால் அது முடிவாகிவிடும். அவனுக்கு இன்னொரு பரிசோதனை பாக்கி இருக்கிறது.

பொன்மணி கொஞ்சம் விலகிக்கொள்கிறாள். அவனுக்குப் பின்னால் இடம் இருக்கிறது. நீங்களே வந்து நில்லுங்கள். நிழல் படாமல். கையைத் தட்டுங்கள்.