யாரும் ஊற்றாத தண்ணீர்

“மூஞ்சிய விடுங்கப்பா. இந்தத் தடவ டம்ளரை மட்டும் பாருங்க.”

“எந்த டம்ளரு?”

“அந்தப் பொம்பளைக்குப் பின்னாடி, ஜன்னல் விளிம்புல இருக்கே, அது.”

அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஒரு கை காலர் பொத்தானில் இருக்க, மற்றக் கையை மேசையில் ஊன்றிக் குனிந்தார். உப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போனில் அந்த இரண்டு நிமிடப் படம் மறுபடி ஓடத் தொடங்கியது. முதல் தடவை பார்த்து முடித்ததும் அவர் எழுந்து போய்ப் பின்கதவுத் தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எதற்கு என்று மகள் கேட்டதற்குக் காற்றடித்த மாதிரி இருந்தது என்றார். வெளியே ஒரு இலைகூட அசையவில்லை.

அந்த மகளுக்குக் கல்லூரியில் தராசு என்று பெயர். யார் எதைக் காட்டினாலும் சட்டென்று நல்லா இருக்கு, நல்லா இல்லை என்று சொல்லிவிட மாட்டாள். இந்தப் பக்கம் இது இருக்கிறது, அந்தப் பக்கம் அது இருக்கிறது என்று நிறுத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பாள். படம் எடுக்கச் சொல்லித்தரும் வகுப்பில் இரண்டாம் வருஷம். இந்தப் பருவத்துக்கு மேடம் கொடுத்த வேலை, ஒரு த்ரில்லர் படத்தின் தொடக்கக் காட்சியை மட்டும் எடுத்துவருவது. அதில் பாதி மதிப்பெண்தான். மீதிப் பாதி, குலுக்கலில் வரும் இன்னொருவர் படத்தை த்ரில்லருக்கான இலக்கணத்தோடு ஒப்பிட்டு மதிப்பிடுவதற்கு. “படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்காங்க, ஒழுங்கா பாக்கத்தான் ஆளில்ல” என்பது மேடத்தின் பல்லவி.

அது மட்டும் என்றால் தராசு இப்படித் தூக்கம் கெட்டிருக்க மாட்டாள். வகுப்பில் முதலாவதாக வரும் படத்தை ஒரு சனிக்கிழமை காலைக் காட்சிக்கு முன்னால் ஊர் தியேட்டரின் பெரிய திரையில் போடுவதாக ஏற்பாடு. அந்தத் தியேட்டரில் டார்ச் அடித்து இருக்கை காட்டுகிறவர்தான் அப்பா. ஆயிரம் படத்தின் தொடக்கத்தை முதுகுப் பக்கமாகப் பார்த்தவர். திரையில் யாரோ யாரையோ துரத்திக்கொண்டிருக்கும்போது இவர் குனிந்து, காலை மடக்குங்க, வழி விடுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பார். இந்த ஒரு படத்தை மட்டும் டார்ச்சை அணைத்துவிட்டு நின்று பார்க்கப்போவதாகச் சொல்லியிருந்தார். டிக்கெட் கொடுக்கும் பெண்ணிலிருந்து வண்டி நிறுத்தும் இடத்துப் பையன் வரைக்கும் தகவல் போயாகிவிட்டது. ‘பொண்ணு படம் வந்தாலும் வரும்’ என்று இல்லை. வருகிறது என்றே.

தராசின் படம் வரக்கூடியதும்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். ஆனால் இந்தக் குஞ்சைப் பொன் என்று பிறத்தியாரே சொல்லியிருந்தார்கள். இருட்டு, மழை, கையுறை போட்ட கை, முகம் காட்டாத ஆள், தாழ்வான கோணம், மெல்ல மெல்ல ஏறும் இசை, சடசடவென்று காட்சி வெட்டு, கடைசியில் ஒரு அலறலோடு தலைப்பு. மழைக்காகத் தோட்டத்துக் குழாயைப் பிடித்து ஜன்னலில் அடித்ததில் பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாள் பேசவில்லை. அவள் படத்தை மதிப்பிட்டவன் எல்லாக் கட்டத்திலும் முழு மதிப்பெண் போட்டிருந்தான். அப்பாவிடம் காட்டியபோது பொறுமையாகப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கும்மா. நல்ல இருட்டு” என்றார்.

மதிப்பிட மிச்சம் இருந்தது ஒரே படம், பம்பரத்தினுடையது. ஓரிடத்தில் நில்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பவள், எங்கே போனாலும் எதையாவது மறந்துவிட்டு வருகிறவள், அதனால் அந்தப் பெயர். கேமராவை எடுத்துக்கொண்டு பேட்டரியை விட்டுவிட்டுப் போவாள். குலுக்கலில் அவள் படம் தராசுக்கு விழுந்தது. போட்டியில் இருக்கிறவளே மதிப்பிடலாமா என்று யாரோ கேட்டதற்கு மேடம் சிரித்தார். தராசு தன்னையும் சேர்த்து நிறுக்கிறதா என்று பார்ப்போமே என்றார்.

பம்பரத்தின் படத்தில் இருட்டே இல்லை. பட்டப்பகல். ஜன்னல் வழியாக வெயில் கொட்டும் ஒரு கூடம். ஒரு பெண் கதவைத் தாழிட்டுவிட்டு வந்து சட்டை ஒன்றை இஸ்திரி போடுகிறாள். இசை இல்லை, சூடான இஸ்திரிப் பெட்டி ஈரத்துணியில் இழுபடும் சத்தம் மட்டும், எங்கோ தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகளின் கூச்சல். காலர், கை, முதுகு. வேகமான வெட்டு கிடையாது. சாவகாசமாகப் போகிறது. கடைசியில் அவள் திரும்பிப் பார்க்கிறாள். உள்ளே போட்ட தாழ்ப்பாள் திறந்திருக்கிறது. தலைப்பு.

மதிப்பீட்டுத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்த தராசுக்கு முதலில் உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. இலக்கணத்தில் ஒன்றுகூட இல்லையே. ஆனால் பிடரியில் ஏதோ ஊர்ந்தது. மறுபடி போட்டாள், மறுபடியும் ஊர்ந்தது. தாழ்ப்பாள் காட்சிக்கு வெகு முன்னாலேயே, அந்தப் பெண் வெறுமனே சட்டைக் கையை மடித்து இஸ்திரி போடும்போதே ஊர்ந்தது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தாள். பெண்ணின் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தாள். அப்போதுதான் அந்தக் கண்ணாடி டம்ளர் கண்ணில் பட்டது. கதவைத் தாழிடும்போது அதில் அடியில் ஒரு வாய்த் தண்ணீர். காலரை இஸ்திரி போடும்போது கால்வாசி. அப்புறம் பாதி. முதுகுப் பக்கத்துக்கு வரும்போது முக்கால். அவள் திரும்பும்போது தளும்பத் தளும்ப முழு டம்ளர். அவள் ஒருமுறைகூட அதன் பக்கம் போகவில்லை. தாழிட்ட வீட்டில் வேறு யாரும் இல்லை.

இப்படி ஒன்றை யோசிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும். அதைக் காட்டிக்கொடுக்காமல், கேமராவை ஒரு தடவைகூட டம்ளர் பக்கம் நெருக்கிக்கொண்டு போகாமல், பார்க்கிறவன் பார்த்தால் பார்க்கட்டும் என்று மூலையில் விட்டுவைக்க எவ்வளவு பொறுமை வேண்டும். பேட்டரியை மறக்கிறவளுக்கு இந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? தராசுக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமைக்கு அடியில், சொன்னால் வெட்கம், சந்தோஷமாகவும் இருந்தது.

அப்பாவுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. போன் திரை அணைந்த பிறகும் நிமிராமல் நின்றார். பிறகு தன் முன்னாலிருந்த டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

“யாரும்மா இந்தப் பொண்ணு?” என்றார்.

மறுநாள் காலை, கல்லூரியில் சாமான்கள் வைக்கும் அறையில் பம்பரம் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள், தப்பாக. தராசு அதை வாங்கிப் பிரித்து ஒழுங்காகச் சுற்றியபடி, பெரிய மனசு பண்ணிக் கேட்கிறவளைப் போலக் கேட்டாள்.

“அந்த டம்ளர் ஐடியா எப்படிடி வந்துச்சு ஒனக்கு?”

“எந்த டம்ளரு?”

பெருமையடிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தராசு போனை எடுத்துக் காட்டினாள். பம்பரம் பார்த்தாள். சுற்றுகிற பம்பரம் நிற்பதை அன்றுதான் தராசு கண்டாள். காதிலிருந்து கழுத்து வரைக்கும் அவள் வெளுத்துப்போனாள்.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது கதை. படத்தில் இருப்பது அவளுடைய அண்ணி. தாழ்ப்பாளை வெளியிலிருந்து தூண்டில் நரம்பு கட்டி இழுத்தது அண்ணன். அவனுக்கு மதியம் வேலைக்குப் போக வேண்டும் என்பதால் கடைசிக் காட்சியை முதலில் எடுத்துவிட்டார்கள். பிறகு அதற்கு முந்தியது, அதற்கும் முந்தியது என்று பின்னாலிருந்து முன்னால் வந்தார்கள். இஸ்திரிப் பெட்டிச் சூடு, ஜன்னல் வெயில். பாவம் அண்ணிக்குத் தாகம். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை அதே இடத்தில் வைத்தார். அதே இடம் என்றால் இம்மி பிசகாத அதே இடம், ஏனென்றால் காட்சிக்குக் காட்சி டம்ளர் நகர்ந்துவிடக் கூடாதே என்று பம்பரம் ஜன்னல் விளிம்பில் பென்சிலால் வட்டமே போட்டு வைத்திருந்தாள். வட்டத்தைக் காத்தவள் தண்ணீரை விட்டுவிட்டாள். எடுக்க எடுக்கக் குறைந்த தண்ணீர், படத்தில் வரிசை மாற்றி ஒட்டியதும் ஏறத் தொடங்கியது. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்த கதை.

பம்பரத்துக்குப் பிள்ளையார் தெரியவில்லை, குரங்குதான் தெரிந்தது. மதிப்பீட்டுத் தாளில் தொடர்ச்சி என்று ஒரு கட்டம் உண்டு. ஒரு காட்சியில் இருந்தது அடுத்த காட்சியிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது. முதல் வருஷத்துப் பிள்ளைகள்கூடத் தவறு செய்யாத இடம். அவள் மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டாள், இரண்டு மடங்கு வேகத்தில்.

“அண்ணிக்கு இன்னிக்கு லீவுதான். சாயங்காலத்துக்குள்ள மறுபடி எடுத்துடறேன். டம்ளரே வேணாம், தூக்கிடறேன். நீ நாளைக்குத்தான மார்க் சொல்லணும்? நல்லவேள கேட்ட. தெய்வம்டி நீ.”

தெய்வம் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது.

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதுகூட வேண்டாம், சும்மா இருந்தால் போதும். திரையிடும் நாள் வரைக்கும் திருத்திக்கொள்ளலாம் என்பது மேடம் போட்ட விதி. யாரையும் ஏமாற்ற வேண்டியதில்லை. ஒரு தோழி தன் தவறைத் திருத்திக்கொள்கிறாள், அவ்வளவுதான். டம்ளரை எடுத்துவிட்டால் அது ஒரு பெண் இஸ்திரி போடும் படம். பெரிய திரையில் குழாய்த் தண்ணீர் மழையாகப் பெய்யும். அப்பா டார்ச்சை அணைத்துவிட்டு நிற்பார். தராசு அந்தப் பக்கத்துத் தட்டில் இதையெல்லாம் ஒவ்வொன்றாக வைத்தாள். இந்தப் பக்கத்துத் தட்டில் வைக்க அவளிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அப்பா எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தது. அவள் படத்துக்கு அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“தொடாத” என்றாள்.

“என்னடி?”

“அந்தப் படத்த தொடாத. ஒரு ஃபிரேம்கூட மாத்தாத.”

“லூசு, அது தப்பு.”

“தப்புதான். அதான் படத்துலயே நல்லா இருக்கு.”

பம்பரம் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு, மனசு கேட்காமல், “அப்ப என் தாழ்ப்பாள்?” என்றாள்.

“ஒன் தாழ்ப்பாளை யாரும் பாக்க மாட்டாங்கடி. அதுக்குள்ள எல்லாரும் பயத்துல செத்துடுவாங்க.”

நரம்பு கட்டி இழுத்த அண்ணனுக்கு இதை எப்படிச் சொல்வது என்று பம்பரம் அன்று முழுவதும் புலம்பினாள்.

சாயங்காலம் அப்பாவிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. சனிக்கிழமை வேறு பெண்ணின் படம் ஓடினாலும் ஓடலாம் என்று பாத்திரம் கழுவும் சாக்கில், திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். அப்பா டார்ச்சுக்குள் பேட்டரி போட்டுக்கொண்டிருந்தார். மூடியைத் திருகி, சுவரில் ஒருமுறை அடித்துப் பார்த்தார். அந்த டம்ளர் படமா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

“நான் வண்டிக்காரப் பையன்கிட்ட வேற சொல்லித் தொலைச்சிட்டேன்” என்றார். டார்ச்சை இடுப்பில் செருகிக்கொண்டு, “பரவால்ல. அதுக்கும் நான்தான டார்ச் அடிக்கணும்” என்றார். பிறகு போகும்போது பின்கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் வகுப்பில் திரைச்சீலைகளை இழுத்து மூடினார்கள். தராசு முன்னால், சுவரோரமாக நின்றுகொண்டாள். அவள் பார்த்தது படத்தை அல்ல, பார்க்கிறவர்களை. வெயில் திரையில் கொட்டியதும் யாரோ கொட்டாவி விட்டார்கள். காலர் வரும்வரை பின்வரிசையில் கிசுகிசுப்பு இருந்தது. சட்டைக் கை வந்தபோது அது நின்றது. ஏன் நின்றது என்று நின்றவர்களுக்கே தெரியாது. முதுகுப் பக்கம் வந்தபோது முன்வரிசைப் பையன் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டான். பம்பரம் தன் இரண்டு கைகளின் மேலும் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்த மேடம், அதை வாய்வரைக்கும் கொண்டுபோய், குடிக்காமலே கீழே வைத்தார்.

விளக்கைப் போட்டார்கள்.

தராசு தாளைப் பார்த்து வாசித்தாள். ஒளி, இலக்கணத்துக்கு நேர்மாறு, முழு மதிப்பெண். இசை இல்லை, முழு மதிப்பெண். இருட்டில் பயமுறுத்த நமக்கெல்லாம் தெரியும், வெயிலில் பயமுறுத்தியிருக்கிறாள் என்று எழுதியிருந்ததை அவள் வாசித்தபோது குரல் கொஞ்சம் தடுமாறியது. குழாய்த் தண்ணீர் ஞாபகம் வந்திருக்கும். தாளின் பின்பக்கத்தில், காட்சிகளைப் பின்னாலிருந்து எடுத்ததும் அண்ணியின் தாகமும் பென்சில் வட்டமும் நடந்தது நடந்தபடி எழுதப்பட்டிருந்தன. ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது.

“தொடர்ச்சிக்கு எவ்ளோ?” என்றார் மேடம்.

“பின்னாடி எல்லாம் எழுதியிருக்கேன் மேடம். ஆனா மார்க்க மட்டும் என்னால தனியா போட முடியல. அது தப்பா இல்லையான்னு இவங்களும் சொல்லட்டும்.” தாளை மேடத்தின் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அவள் வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். பேசப் பேச அவள் கைகளும் பம்பரத்தைப் போலவே சுற்றத் தொடங்கின. “ஜன்னல் மேல இருந்த டம்ளர்ல தண்ணி ஏறிக்கிட்டே போச்சே, பாத்தீங்களா? கதவு சாத்தியிருக்கு, அந்த அக்கா கிட்டகூடப் போகல. நீங்க சொல்லுங்க, அந்தத் தண்ணிய ஊத்தினது யாருன்னு ஒங்களுக்குத் தோணுது?”