ஓர் ஆள் அலமாரி

கையில் பிடித்திருக்கும்வரை வாளுக்கு இரும்பின் கனம்தான். படுக்க வைத்தால் அது கொன்றவர்களின் கனம் வந்துவிடும். இதை அந்த ஊர் தெரிந்துகொண்டது ஓர் அலமாரி உடைந்ததால். பழைய வாள்கள் சேர்க்கும் வக்கீல் ஒருவர் கண்ணாடிக் கதவு வைத்த தேக்கு அலமாரி கேட்டு, தன் வாளைத் தராசில் தொங்கவிட்டு நிறுத்தும் காட்டியிருந்தார். அதற்கேற்ற பலகை போட்டு அலமாரி போய்ச் சேர்ந்தது. வாளைத் தட்டில் வைத்துக் கையை எடுத்ததும் தட்டு முறிந்தது, அதற்குக் கீழ்த்தட்டு முறிந்தது, கடைசியில் வாள் தரைக்கல்லைப் பிளந்துகொண்டு படுத்தது. வக்கீல் அதை ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்து, மட்டமான மரம் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று தெருவே கேட்கும்படி சத்தம் போட்டார்.

பட்டறை அண்ணன் தம்பி இரண்டு பேருடையது. தம்பி தாளில் வரைவான், அண்ணன் மரத்தில் செய்வான். சின்ன வயதுக் காய்ச்சல் ஒன்றில் தம்பிக்கு இரண்டு காலும் சூம்பிப்போயின. அன்றிலிருந்து அண்ணன் முதுகுதான் அவனுக்கு வண்டி. பள்ளிக்கூடம் போனது, பெண் பார்க்கப் போனது, கல்யாணத்தன்று மேடை ஏறியது எல்லாம் அந்த முதுகில்தான். அண்ணனின் இடது தோளில் மோவாயை ஊன்றிக்கொண்டு ஊரை வேடிக்கை பார்த்தபடி போவான். ஊர் அவனுக்குச் சவாரி என்று பெயர் வைத்தது. அண்ணனையும் குதிரை என்று கூப்பிட்டுப் பார்த்தது; கையில் உளி வைத்திருப்பவனை அப்படிக் கூப்பிடுவது நல்லதல்ல என்று இரண்டே நாளில் விட்டுவிட்டது.

சவாரி வக்கீலைப் பேசவிட்டான். பிறகு வாளை வேலைமேசையில் படுக்க வைக்கச் சொன்னான். மேசை முனகியது. எடுக்கச் சொன்னான், மேசை நிமிர்ந்தது. மறுபடி வைக்கச் சொன்னான்.

"கையில இருக்கறவரைக்கும் அது வேலையில இருக்கு சார்" என்றான். "படுத்தாத்தான் யார் யாரெல்லாம் கூட வந்திருக்காங்கன்னு தெரியும்."

வாள் சேர்ப்பவர்களின் ஆசை ஒரு தினுசானது. வாள் காற்றில் மிதப்பது போலத் தெரிய வேண்டும், தாங்குகிற கட்டை கண்ணில் படக்கூடாது. சவாரி சில வாரம் தாளும் பென்சிலுமாகக் கிடந்து ஒரு வழி கண்டான். முன்னால் விரல் தடிமன்தான் தெரியும் தட்டு, பின்னால் போகப் போகத் தடித்து, முதுகுப்பலகையில் வெட்டிய ஆழமான காடிப் பள்ளத்துக்குள் புதைந்திருக்கும். கனம் தட்டில் தங்காமல் முதுகுக்குப் போய், அங்கிருந்து தரைக்கு இறங்கிவிடும். ஆணியே கிடையாது. புளிப்பு வாடை வீசும் மரமும் ஆகாது, அதன் மூச்சு பட்டே இரும்பு துருவேறும். இந்த உத்தியை எங்கே கற்றாய் என்று கேட்டவர்களிடம், "சின்ன வயசுலேர்ந்து அப்படித்தானே உக்காந்திருக்கேன்" என்று அண்ணனைக் காட்டுவான். அண்ணன் தலை நிமிராமல் இழைத்துக்கொண்டிருப்பான்.

கனத்தை அளக்கவும் சவாரியே முறை வைத்தான். ஒரு பலகையில் வாளைப் படுக்க வைத்து, எவ்வளவு வளைகிறது என்று குறித்துக்கொள்வான். பிறகு வாளை எடுத்துவிட்டு அதே பலகையில் அண்ணனை, தன் மனைவியை, வாசலில் போகிற தபால்காரரை உட்கார வைத்து, வளைவு சரிவருகிறதா என்று பார்ப்பான். இப்படித்தான் அந்தத் தொழிலில் ஆள் என்பதே அளவாயிற்று. ரெண்டு ஆள் அலமாரி என்றார்கள், ஏழு ஆள் அலமாரி என்றார்கள். ஓர் அதிகாரி வீட்டு வாளுக்கு ஆள் போதாமல் தெருவே வந்து நெருக்கியடித்து உட்கார்ந்தது. உட்காரும்போது ஒரே சிரிப்பு. எழுந்திருக்கும்போது ஒருவரை ஒருவர் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள், சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் அந்த அதிகாரி மட்டும் அதற்குப் பிறகு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். வாள் வைத்திருப்பவர்கள் சந்தித்தால் நலம் விசாரிப்பதற்கு முன் எத்தனை ஆள் என்று கேட்கும் காலம் வந்தது.

பல் டாக்டரிடம் இருந்தது ராஜா வாள். பிடியில் தங்கப் பூச்சு, அலகில் பூவேலை. மூன்று போர் கண்ட வாள் என்று சொல்லி விற்றிருந்தார்கள். டாக்டரை யாரும் கெட்டவர் என்று சொன்னதில்லை. நாற்காலியில் உட்கார்ந்தவரின் வாயைத் திறக்கச் சொல்லி, "பொறுத்துக்குங்க, ஒரு நிமிஷம்தான்" என்பார். அந்தக் குரலுக்கே பாதி வலி போய்விடும் என்பார்கள். சகோதரர்கள் வீட்டில் யாருக்கும் பல்வலி வந்ததில்லை, அதனால் அங்கே போனதுமில்லை. ராஜா வாளைப் பலகையில் படுக்க வைத்தபோது பலகை வளையவே இல்லை.

"இது யாரையும் தொட்டதில்ல சார்" என்றான் சவாரி. அவனுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "நல்ல விஷயம்தானே?"

டாக்டர் வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சவாரியும் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஆனால் கனமில்லாத வாளுக்குக் கனமில்லாத தட்டாக, தாள் போல மெல்லிய கண்ணாடித் தட்டு வரைந்தான். அவன் வரைந்ததிலேயே அழகான அலமாரி அது. அவன் வாழ்நாளில் செய்த ஒரே தப்பும் அதுதான். வீட்டுக்கு வந்து பார்த்தவர்களுக்குக் கண் இருந்தது. கண்ணாடித் தட்டு எத்தனை ஆளைத் தாங்கும் என்று தெரியாதா? பல் டாக்டர் வீட்டில் பல் பிடுங்கிய பாம்பு என்று சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. டாக்டரும் கூடவே சிரித்தார்.

பிறகு அந்த வாரம் வந்தது. காரணத்தைப் பின்னால் எந்த இரண்டு பேரும் ஒன்றுபோலச் சொல்லவில்லை. ஒரு பக்கத்துத் தெருக்காரர்கள் இன்னொரு பக்கத்துத் தெருக்களுக்குள் நுழைந்தார்கள், அவ்வளவுதான். அலமாரிகளில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. எல்லாம் முறையாகச் சாவி போட்டே திறக்கப்பட்டு, வாள்கள் வெளியே போயின. அண்ணன் அப்போது பக்கத்து ஊரில் நாலு ஆள் அலமாரி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தான். அடைத்திருந்த பாதை திறந்து அவன் வந்து பார்த்தபோது பட்டறை பூட்டாமல் கிடந்தது. மரம் இருந்தது, கருவிகள் இருந்தன, தம்பியின் பென்சில் இருந்தது. தரையில் ஒரு துளி மரத்தூள் இல்லை. தச்சுப் பட்டறையின் தரையை யாரோ பெருக்கிக் கழுவியிருந்தார்கள்.

சவாரியின் மனைவி பாதி முடிந்த பெரிய அலமாரி ஒன்றுக்குள் இருந்தாள். முந்தின நாள் சத்தம் நெருங்கியதும் புருஷன் அவளை உள்ளே போகச் சொல்லி, தரையில் தவழ்ந்து வந்து கதவைச் சாத்திப் பூட்டியிருக்கிறான். தேக்கு நல்ல தடிமன். சரியாக எதுவும் கேட்கவில்லை என்றாள். "யாரோ மெதுவா, மரியாதையாத்தான் பேசினாங்க அத்தான். பொறுத்துக்குங்க, ஒரு நிமிஷம்தான்னு சொன்னாங்க. தூக்கிட்டுப் போகத்தான் வந்திருப்பாங்க. அவரால நடக்க முடியாது. அவர் இங்க இல்லன்னா, யார் முதுகுலயோ ஏறிப் போயிருக்காருன்னுதானே அர்த்தம்?"

எங்கே இருந்தாலும் கொண்டுவந்துவிடுகிறேன் என்று மட்டும் அண்ணன் சொன்னான். அவள் தினமும் காலையில் புருஷனின் பென்சில்களைச் சீவி மேசையில் வைத்தாள். வரைய ஆளில்லாமலே அவை குட்டையாகிக்கொண்டு வந்தன. அண்ணனால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வாள்கள் துடைத்து எண்ணெய் பூசப்பட்டு அலமாரிக்குத் திரும்பின. கடைகள் திறந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அந்த ஊருக்கு உண்டு, ஆனால் தட்டுகளிடம் அது பலிக்கவில்லை. மூன்று ஆள் தட்டு ஐந்து ஆளுக்கு இறங்கியிருந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் மேல் ஆள் அனுப்பினார்கள். தட்டு தாழ்ந்துவிட்டது, கதவு சாத்த முடியவில்லை, உங்கள் தம்பி போட்ட கணக்கு சரியில்லை என்று குறைப்பட்டார்கள். வக்கீல் மறுபடியும் சத்தம் போட்டார்.

கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் அண்ணன் போனான். அவனுக்குத் தாளில் கணக்குப் போட வராது, கணக்கெல்லாம் முதுகில்தான். வாளைப் பலகையில் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டி, பலகையை முதுகில் ஏற்றி எழுந்து நிற்பான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டு இறக்குவான். வீட்டுக்காரர்கள் அதை அளவெடுப்பு என்று நினைத்தார்கள். அந்த முதுகில் அந்த மாதங்களில் ஏறி இறங்கியவர்கள் அநேகம். ஒரு கிழவரின் கனம் தெரிந்தது. ஒரு வீட்டில் ஏறிய கனம் மிகவும் சின்னது. அதை இறக்கிவிட்டு வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்து அழுதான்.

பல் டாக்டர் கடைசியாகத்தான் கூப்பிட்டார். கண்ணாடித் தட்டு தூள்தூளாகி, ராஜா வாள் தரையில் கிடந்தது. அதன் அடியில் ஓடு கீறியிருந்தது. டாக்டர் குரலில் கூச்சமும் இருந்தது, கூச்சத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது.

"மரத்துலயே தட்டு போட்டுடுங்க" என்றார். "ஒரு ஆள் இருக்கும்ல?"

அண்ணன் பலகையில் வாளைக் கட்டி முதுகில் ஏற்றினான். எழுந்து நின்றதும் கனம் கீழே தங்கவில்லை. மேலே ஊர்ந்து வந்து இடது தோளில், எலும்பு தேய்ந்து பள்ளமாகியிருந்த இடத்தில், மோவாயை ஊன்றியது. இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அண்ணன் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், அங்கே இல்லாத கால்களைத் தாங்கிப் பிடித்தான்.

"ஒரு ஆள்தான்" என்றான். "கால் மட்டும் கனமில்ல."

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். பட்டறைக்குக் கொண்டுபோய் அளவு பார்க்க வேண்டும் என்று அண்ணன் சொன்னபோது வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அண்ணன் ஊர் நடுவே பலகையோடு குனிந்து நடந்து வந்தான். கடைவாசல்களில் நின்றவர்கள், அவன் கைகள் பின்னால் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். அத்தனை வருஷமாகப் பார்த்த நடைதான் அது. யாரைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று அந்தத் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை.

தம்பி மனைவி பட்டறை வாசலில் நின்றிருந்தாள். பலகையின் ஒரு பக்கம் கை கொடுத்தாள்.

"மெல்ல இறக்குங்க அத்தான். பசியோட இருப்பாரு."

வரைமேசை முன்னால், அவன் உட்காரும் இடத்தில் இறக்கினார்கள். பலகை வளைந்தது. அவள் வளைந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் அழுதாள். மறுநாள் பென்சில் சீவவில்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டர் வாளைக் கேட்டு வந்தார். அண்ணன் உளியைக் கையில் எடுத்தான். அதைப் பார்த்துவிட்டு டாக்டர் நோயாளியிடம் பேசுவது போல, "பொறுத்துக்குங்க, ஒரு நிமிஷம்தான், எடுத்துட்டுப் போயிடறேன்" என்றார். மேசை அருகே இருந்த அவள் தலையைத் தூக்கினாள். எழுந்து வந்து அண்ணன் கையிலிருந்த உளியை வாங்கி மேசையில் வைத்தாள். கயிற்றை அவிழ்த்து, வாளைப் பிடியில் எடுத்து டாக்டரிடம் அவளே நீட்டினாள். வழக்கமாக வாளை எடுத்தால் பலகை நிமிரும். இந்தப் பலகை வளைந்தபடியே இருந்தது.

"இறங்கற இடம் வந்துடுச்சு. இறங்கிட்டாரு" என்றாள். "நீங்க கொண்டுபோங்க."

டாக்டர் போன பிறகுதான், அன்று அலமாரிக்குள் கேட்ட குரல் இதுதான் என்று அண்ணனிடம் சொன்னாள். உளி மேசையில்தான் கிடந்தது. அண்ணன் அதை எடுக்கவில்லை. எடுத்தால் அதற்கும் ஒரு தட்டு செய்ய வேண்டியிருக்கும். வீட்டுக்குப் போன டாக்டர், வேறொரு தச்சனை வைத்துப் போட்டிருந்த புது மரத்தட்டில் வாளை வைத்துப் பார்த்தார். அது இரும்பின் கனத்தில் லேசாகக் கிடந்தது. கனம் திருட்டுப் போய்விட்டதாகப் போலீஸில் புகார் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் எத்தனை கிலோ, யாருடையது என்று கேட்டார். டாக்டர் சற்று யோசித்துவிட்டுப் புகாரை வாபஸ் வாங்கிக்கொண்டார். தண்டனை என்று அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

விஷயம் பரவியதும், ஆளைக் காணாத வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு பலகையோடு பட்டறைக்கு வந்தார்கள். எங்கள் வீட்டு ஆள் இவ்வளவு உயரம், ஒருக்களித்துத்தான் படுப்பார் என்று அடையாளம் சொன்னார்கள். அண்ணனுக்கு எல்லாத் தட்டும் மனப்பாடம். எந்த வீட்டில் எந்தத் தட்டு என்று சொல்லி அனுப்பினான். சிலர் கெஞ்சியும் சிலர் சண்டை போட்டும் வாளைப் பலகையில் வாங்கி, முதுகில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் வாள்காரர்கள் விழித்துக்கொண்டு வாசல் கேட்டைப் பூட்டிவிட்டார்கள். பாதிப் பேர் இன்னும் அந்த அலமாரிகளில்தான் படுத்திருக்கிறார்கள். தட்டுகள் வருஷத்துக்கு வருஷம் தாழ்கின்றன. பழுது பார்க்க இப்போது யாரும் போவதில்லை.

அண்ணனுக்கு வயதாகிவிட்டது. ஆனாலும் காலையில் பலகையை முதுகில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்து வரைமேசை முன் வைக்கிறான், பொழுது சாய்ந்ததும் திரும்பக் கொண்டுபோகிறான். வழியில் பார்ப்பவர்கள் சவாரி சௌக்கியமா என்று கேட்டுவிட்டு ஒதுங்கி வழிவிடுகிறார்கள். அவள் தினமும் வாசலுக்கு வந்து ஒரு பக்கம் கை கொடுக்கிறாள்.

"இன்னிக்கு ரொம்பக் கனமா இருக்காரா அத்தான்?"

"எப்பவும் போலத்தாம்மா" என்று சொல்லி, இடது தோளை மெல்லத் தாழ்த்திக் கொடுக்கிறான்.