கடைசிப் பக்கத்தைச் சொல்லாதே

கதையின் முடிவை முன்கூட்டியே உளறுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதிலும் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற என் தங்கை நொயேமியை ஒரு தடவை அடித்தே இருக்கிறேன். நூலகத்தில் ஒரே பிரதிதான் இருந்ததால் ஒரு நாவலை இருவரும் மாறி மாறிப் படித்தோம். முன்னால் போகிறவள் வாய் திறக்கக் கூடாது. சட்டம் என்னுடையது.

நாவலில் எங்கள் டெக்சாஸ் எல்லை ஊரைப் போலவே ஓர் ஆற்றங்கரை ஊர். பாதிக்கு மேல் போனால், சிலருடைய ஷூக்களில் விடியும்போது ஆற்றுத் தண்ணீர் நிறைந்திருக்கும். பொழுது சாய்வதற்குள் ஆறு அந்த ஆளைக் கொண்டுபோய்விடும். ஊரார் அதையும் மழை வெயில் மாதிரி எடுத்துக்கொண்டு சோளரொட்டி சுடுவார்கள். நல்ல புளுகு என்று சிரித்தேன். எனக்கு இரண்டு அத்தியாயம் பாக்கி. நொயேமி இன்னும் பாதியைத் தாண்டவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை என் ஷூக்களில் தண்ணீர் நின்றது. எங்கள் ஊரில் மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. சேற்று வாடை வேறு. அம்மா பழம் அடுக்கும் கொட்டகைக்கு வேலைக்குப் போய்விட்டாள். நொயேமியிடம் சொல்லியிருக்கலாம். அவள் அந்த இடத்துக்கு வரவில்லையே, கதை கெட்டுவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். இப்படியும் ஒரு மடச்சி! ஷூக்களைப் பின்வாசல் படியில் காயவைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் படியில் ஷூக்கள் இல்லை. நொயேமி அவற்றை மாட்டிக்கொண்டு, பள்ளிப் பேருந்து நிற்கிற ஆற்றுக்கரை மேட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள்.

"ஏய், அது என் ஷூடி! கழட்டு!"

"மாட்டேன், போ."

"அது ஏன் ஈரமா இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா. கடைசிப் பக்கத்த முதல்லயே படிச்சிட்டேன். திட்டாத."

"அதுல என்னடி இருக்கு?"

"சொல்லக் கூடாதுல்ல? நீ போட்ட சட்டம்தானே!" சிரித்தாள். உதடு மட்டும் நடுங்கியது.

அவள் பின்னால் ஓடியிருக்க வேண்டும். பாவி, நான் புத்தகத்தை எடுக்க ஓடினேன்.

ஷூ யாருடையது என்று ஆறு கேட்பதில்லை, யார் காலில் இருக்கிறது என்றுதான் பார்க்கும் என்று அந்தக் கடைசிப் பக்கத்தில் இருந்தது.

வெறுங்காலோடு ஓடினேன். மேட்டில் யாரும் இல்லை. பேருந்து இன்னும் வந்திருக்கவில்லை.