சுவர் வழியே வந்த பாடம்

ரத்த ஓட்டத்தைப் பாட்டாக்கி, இதயத்தைத் திரையில் துடிக்கவிட்டுப் பாடம் நடத்துகிறாள் பக்கத்து வகுப்பு அறிவியல் டீச்சர். சுவருக்கு இந்தப் பக்கம், இருபது வருடமாக நான் சாக்பீஸால் வரைவதை ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

“சத்தம் தாங்கலை சார், அவங்களை மாடிக்கு மாத்துங்க” என்று தலைமையாசிரியரிடம் வத்தி வைத்தேன்.

மறுநாள் தேர்வுத்தாள் திருத்தினேன். இரண்டு வகுப்புக்கும் ஒரே கேள்வித்தாள். ரத்த ஓட்டக் கேள்விக்கு என் பிள்ளைகள் அத்தனை பேரும் முழு மதிப்பெண். அந்தப் பாடத்தை நான் இன்னும் தொடங்கவே இல்லை!

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தார். “நாளைக்கே அவங்களை மாத்திடறேன், போதுமா?”

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்: “இங்கயே இருக்கட்டும் சார். எனக்கு இன்னும் மூணு பாடம் பாக்கி இருக்கு.”