திரும்பாத கால்

மணவாளன் மாஸ்டர் லேபுக்குள் நுழைந்ததுமே இசைவாணி அவரை அடையாளம் கண்டுகொண்டாள். தலை நரைத்துவிட்டது, தொப்பை விழுந்துவிட்டது, கழுத்தில் மட்டும் அதே விசில். அவருக்குத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அட, நெல்லிக்குப்பம் தேவசகாயம் பொண்ணு! வாசல்ல டாக்டர் இசைவாணின்னு போட்டிருந்துச்சு, யாரோன்னு நெனச்சேன். நான் வளத்த புள்ளம்மா நீ!"

வளர்த்த புள்ள. அவளுக்கு வாயெல்லாம் கசந்தது. ஆனாலும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க மாஸ்டர்."

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கடலூர்ப் பக்கம் பெண்கள் கபடியில் ரெய்டு போக அவளை விட்டால் ஆள் கிடையாது. மணவாளன் அப்போது கோச். கூடவே கபடித் தரையில் விரிக்கும் ரப்பர் மேட் விற்கும் ஏஜென்சியும் வைத்திருந்தார். மண் தரையில் புரண்டுகொண்டிருந்த பெண்களுக்கு முதன்முதலாக மேட் விரித்துக் கொடுத்தவர் அவர்தான். மாநில அணித் தேர்வு நெருங்கிய சமயம், அந்தப் புது மேட்டில் போனஸ் கோட்டைத் தாண்டிவிட்டு அவள் சட்டென்று திரும்பினாள். உடம்பு திரும்பியது. கால் திரும்பவில்லை. ஷூ மேட்டோடு கவ்விக்கொண்டு நின்றது. முட்டிக்குள் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

ஜவ்வு அறுந்துவிட்டது என்றார் டாக்டர். "மேட்டு புடிச்சிக்கிச்சு மாஸ்டர்" என்று அவள் அழுததற்கு, மணவாளன் மொத்த டீமும் நிற்கும்போது சொன்னார்: "மேட்டு மேல பழி போடாத. கொற உன் கால்ல. எரும மாதிரி ஒடம்ப வளத்து வெச்சிருந்தா அறுந்துதான் போவும்." அந்தச் சொல் அவளுக்கு முன்னால் நெல்லிக்குப்பம் போய்ச் சேர்ந்தது. கடைத்தெருவில் அவள் நொண்டிக்கொண்டு போனால் பையன்கள் எருமை மாதிரி கத்தினார்கள்.

அவள் மெக்கானிக்கல் படித்தது அதற்காகத்தான். சிதம்பரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் விளையாட்டுச் சாதனங்களை ஆராய்ச்சி செய்ய வந்ததும் அதற்காகத்தான். அவளே ஒரு மெஷின் செய்திருந்தாள். ஆள் கனத்துக்கு ஒரு இரும்புக் கால், அதன் அடியில் கபடி ஷூ. மேட்டில் அழுத்தி நிறுத்திவிட்டு மோட்டாரைப் போட்டால் கால் முறுக்கித் திரும்பும். நல்ல மேட் என்றால் முட்டிக்கு ஆபத்து வருவதற்கு முன்பே ஷூவை வழுக்க விட்டுவிடும். மோசமான மேட் பிடித்த பிடியை விடாது. எவ்வளவு முறுக்கில் விட்டது என்பதைத் திரை காட்டும்.

கடலூரில் புதிதாகக் கட்டிய உள்ளரங்கத்துக்கு மேட் சப்ளை செய்ய, மணவாளனுக்கு இப்போது அந்த மெஷினின் சான்றிதழ் வேண்டியிருந்தது.

"சும்மா ஒரு டெஸ்ட்டப் போட்டு குடும்மா. அன்னிக்கு நீங்க ஆடுன மேட்டே இன்னும் என் அகாடமில கெடக்குது. கிழியவே இல்ல! நம்ம பொன்னிதான் அதுல புள்ளைங்களுக்குக் கத்துக்குடுக்குறா."

இசைவாணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அதே மேட்டா மாஸ்டர்?"

"அதேதான். ஸ்ட்ராங்கு!"

பக்கத்து லேபில் இளவரசு பிளாஸ்மாவை வைத்து ரப்பரின் மேற்பரப்பை மாற்றும் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டாள். "நீயே மெஷின ஓட்டு. நான் தொட மாட்டேன்."

மணவாளன் கொண்டுவந்திருந்த புது மேட்டை உலர்ந்தபடி வைத்து ஓட்டினான். வியர்வைக்குப் பதில் உப்புத் தண்ணீர் தெளித்து ஓட்டினான். சூடாக்கி ஓட்டினான். ஒவ்வொரு தடவையும் 'ஃபெயில் ஆவணும், ஃபெயில் ஆவணும்' என்று அவள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே நின்றாள். ஒவ்வொரு தடவையும் ஷூ அழகாக வழுக்கிவிட்டது.

"நல்ல மேட்டு வாணி," என்றான் இளவரசு. "பாஸ்."

அவன் போனபிறகு அலமாரியிலிருந்து, அடிப்பாகம் பசை மாதிரி ஒட்டுகிற ஷூ ஒன்றை எடுத்தாள். இதை மாட்டி ஓட்டினால் போதும், மேட் தோற்றுவிடும். யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு மறுபடி உள்ளே போட்டாள். நேர்மை ஒன்றும் அவளைத் தடுக்கவில்லை. பொய்யாகத் தோற்கடித்தால், பழைய பகையை மனசில் வைத்துச் செய்துவிட்டாள் என்று அந்த ஆள் ஊரெல்லாம் சொல்லித் தப்பித்துக்கொள்வான். பாஸ் போட்டுக் கொடுத்துவிட்டால், அதன்பிறகு அவள் வாயிலிருந்து வரும் எதையும் பகை என்று சொல்ல முடியாது.

செய்தியைச் சொன்னதும் மணவாளன் போனிலேயே குதித்தார். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் எல்லாரும் அகாடமிக்கு வருகிறார்கள், அவள் கையாலேயே வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

"மெஷினையும் எடுத்துட்டு வரேன் மாஸ்டர். எல்லாருக்கும் காட்டலாம்."

"பிரமாதம்!"

இளவரசுக்கு விஷயம் புரிந்தது. "ஞாயித்துக்கெழம வரைக்கும் புள்ளைங்க அந்தப் பழைய மேட்டுலதானே ஆடும்?" என்றான். அவள் மெஷினின் போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தாள்.

கடலூர் செம்மண்டலத்தில் ஒரு தகரக் கொட்டகைதான் அகாடமி. பெண்ணைப் பெற்றவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பொன்னி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். ஒரே டீமில் ஆடியவள். இப்போது மணவாளனிடம் உதவிக் கோச்சாக இருந்தாள். மேடையில் சான்றிதழைக் கொடுத்தாள் இசைவாணி. போட்டோ எடுத்தார்கள். மைக்கும் கொடுத்தார்கள்.

"மாஸ்டரோட புது மேட்டு ரொம்ப நல்ல மேட்டு. எப்பிடின்னு பாருங்க."

ஒரு துண்டு புது மேட்டை விரித்து, தண்ணீர் தெளித்து, இளவரசு மோட்டாரைப் போட்டான். இரும்புக் கால் வழுக்கித் திரும்பியது. கைதட்டினார்கள். மணவாளன் இரண்டு கையையும் கூப்பினார்.

"இப்ப உங்க புள்ளைங்க தெனம் ஆடுற மேட்டு," என்றாள்.

மணவாளனின் கை கூப்பியபடியே நின்றுவிட்டது. "அது எதுக்கும்மா, பழசு..."

இளவரசு மெஷினைப் பழைய மேட்டுக்கு நகர்த்தி, தண்ணீர் தெளித்து, ஸ்விட்சைப் போட்டான். மோட்டார் முக்கியது. இரும்புக் கால் அசையவில்லை. சட்டம் கிறீச்சிட்டது. ஷூ விடவே இல்லை, மெஷினே ஒரு பக்கமாக எழும்பிச் சாய்ந்தது. முன்வரிசையில் ஒரு அம்மா "ஐயோ" என்று எழுந்துவிட்டாள்.

"இரும்புங்கறதால ஒடையல. உங்க பொண்ணு காலா இருந்தா இந்நேரம் ஜவ்வு போயிருக்கும். எனக்கு இதே மேட்டுலதான் போச்சு. கொற என் கால்லன்னு சொன்னாரு. எருமன்னு சொன்னாரு. மாஸ்டர், அதே வார்த்தைய இப்ப சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்."

"வாணி, உள்ள போயி பேசலாம் வா. ஏதோ கோவத்துல..."

"இங்கயே சொல்லுங்க."

பொன்னிதான் அசைந்தாள். டிராக் பேண்ட்டின் வலது காலைத் தொடைவரை சுருட்டினாள். முட்டியில் நீளமாக ஆபரேஷன் தழும்பு.

"என்னையும் அதான் சொன்னீங்க மாஸ்டர்," என்றாள். அழவில்லை. "நானும் நம்பி, இந்தப் புள்ளைங்களுக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்திட்டிருக்கேன். கால்ல வலு இல்லன்னா அடிபடும்னு."

அப்பாக்கள் எழுந்து மணவாளனைச் சூழ்ந்துகொண்டார்கள். யாரோ சட்டையைப் பிடித்தார். அவர் விசில் அறுந்து விழுந்தது. இசைவாணி மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு நொடிகூடக் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். உடம்பெல்லாம் ஜில்லென்று இருந்தது. சந்தோஷம்தான் அது. வேறு பெயர் சொல்லி ஏமாற்றிக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை.

வெளியே லோடு ஆட்டோவில் மெஷினை ஏற்றும்போது பொன்னி வந்தாள்.

"இந்த மேட்டு இப்பிடின்னு உனக்கு எப்போ தெரியும்?"

"இங்க கெடக்குன்னு போன வாரம் தெரியும்."

"ஒரு வாரமா தெரிஞ்சும் சும்மா இருந்தியாடி? முந்தாநேத்துகூட ஒரு பொண்ணு கால் மாட்டிக்கிட்டு நூலிழையில தப்பிச்சா. அவ கால் போயிருந்தா உனக்கு இன்னும் வசதியா இருந்திருக்கும், இல்ல?"

பொன்னி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய், தனியாளாக அந்த மேட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து அடுக்க ஆரம்பித்தாள்.

அடுத்த வாரம் உள்ளரங்கத்து அதிகாரி போன் செய்தார். "மேடம், புது மேட்டு உண்மையிலேயே நல்லதுதானா?"

"நல்ல மேட்டு சார்."

"அப்ப அவர்கிட்டயே வாங்கலாமா?"

"மேட்டப் பத்தித்தான் சார் நான் சொல்ல முடியும். ஆளப் பத்தி நீங்கதான் முடிவு பண்ணணும்."

என்ன முடிவு பண்ணுவார்கள் என்று தெரிந்தேதான் சொன்னாள். ஆர்டர் வேறு ஆளுக்குப் போனது. அகாடமியைப் பூட்டினார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள் மணவாளன் சிதம்பரத்துக்கு வந்தார். இந்தத் தடவை அவள் நாற்காலி போடவில்லை.

"உன் கால்ல ஒரு கொறயும் இல்ல," என்றார் நின்றபடியே. "மேட்டுதான். எனக்கு அன்னிக்கே தெரியும். திருப்தியா?"

இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. ஆனால் அந்தக் குளிர்ச்சி இப்போது வரவில்லை. பொன்னி கேட்டதுதான் காதில் நின்றது.

"இல்ல," என்றாள். "அந்த மேட்ட எந்தெந்த ஸ்கூலுக்கு வித்தீங்க?"

அவர் தயங்கினார். அவள் விடவில்லை. ஒவ்வொரு பெயராக வந்தது. முதல் பெயர் காடாம்புலியூர்ப் பக்கம். அவர் படியிறங்குவதற்குள் அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, இன்றைக்குப் பிள்ளைகளை மேட்டில் இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பிறகு பொன்னிக்குப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

"இன்னா?" என்றாள் பொன்னி.

"காடாம்புலியூர் போறேன். மெஷினோட. நீயும் வரியா?"

"உனக்காக வரல," என்றாள் பொன்னி. "பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன்."