பாரில் விழுந்த நங்கூரம்

பவளப்பாறை என்று சொல்வதெல்லாம் கொழும்பிலிருந்து வருகிறவர்கள். தேற்றாத்தீவுக் கரையில் உள்ளவர்களுக்கு அது வெறும் 'பார்'. அந்தப் பாரில் யாரும் நங்கூரம் போடக்கூடாது என்று மீனவர் சங்கம் கட்டுப்பாடு வைத்து, சுற்றிவர மிதவைகளும் கட்டிவிட்டிருந்தது. மீறினால் ஒரு மாதம் வள்ளம் கரையில். இதைக் கொண்டுவந்தவர் சங்கத் தலைவர் றெஜி. "இது அரசாங்கம் போட்ட சட்டமில்ல, நமக்கு நாமளே போட்டது" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுவார். சொல்லட்டும், அதில் பிழையில்லை. வெளுத்துச் செத்துக்கிடந்த பார் மறுபடி கிளைவிட்டதும், கலவாயும் விளைமீனும் திரும்பி வந்ததும் அந்த மனிதனின் பிடிவாதத்தால்தான். ஆனால் பாருங்கள், நல்ல பெயர் ஏறினால் கூடவே கொஞ்சம் கொழுப்பும் ஏறிவிடுகிறது.

கட்டுப்பாட்டில் முதல் ஆளாக அகப்பட்டவன் உதயரூபன். கரையிலே அவனைப்போல் மூச்சடக்கிச் சுழியோட ஆளில்லை. மற்றபடி வாயில்லாப் பூச்சி. சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"எஞ்சின் நிண்டிட்டு அண்ணன். தண்ணி இழுத்த இழுவையில வள்ளம் அலை உடையிற பக்கம் போச்சு. வேற வழி தெரியல்ல, போட்டுட்டன்."

"துடுப்பு என்னத்துக்கு வச்சிருக்காய்? கறி கிண்டவா?" என்றார் றெஜி.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு றெஜிக்கு நன்றாக இருந்தது. அதுதான் வினை. இல்லாவிட்டால் அவனிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பார், எஞ்சினையாவது போய்ப் பார்த்திருப்பார்.

"கட்டுப்பாடு எண்டா கட்டுப்பாடுதான். உனக்கும் அதுதான், எனக்கும் அதுதான்" என்று முடித்துவிட்டார்.

அன்று பின்னேரம் உதயரூபனின் மனைவி சீதேவி றெஜியின் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றாள். "தொழில் ஓடுற காலம் அண்ணன். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றாள். றெஜி கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூட கீழே வைக்கவில்லை. "என்ட கையில ஒண்டுமில்ல புள்ள" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்த நாளிலிருந்து உதயரூபன் வீச்சுவலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாவிக்கு இறால் பிடிக்கப் போனான். கடலில் வள்ளம் ஓட்டியவன் முழங்கால் தண்ணீரில் நிற்பதை ஊர் பார்த்தது. றெஜியும் பார்த்தார். நல்ல பாடம் என்றுதான் அப்போது நினைத்தார்.

அந்த மாதத்துக்குள்ளேயே மாதா கோயில் திருநாள் வந்தது. கடைசி நாளில் சுருவம் என்கிற மாதாவின் சிலையை வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குக் கொண்டுபோய், பங்குச் சுவாமி கடலை மந்திரித்து ஆசீர்வதிப்பது வழக்கம். வேதக்காரர், சைவக்காரர் என்ற பேதமில்லை, வள்ளம் வைத்திருக்கிற அத்தனை பேரும் கூடவே போவார்கள். இந்த முறை மாதா ஏறுவது றெஜியின் வள்ளம். மனுசனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. பூவும் சரிகையும் கட்டி, சுக்கானைத் தானே பிடித்து, மிதவைகளுக்கு வெளியால்தான் போக வேண்டுமென்று மற்ற வள்ளங்களுக்குக் கையைக் காட்டிக்கொண்டே போனார். உதயரூபனுடைய வள்ளம்தான் கரையில் கிடக்கிறதே. அவன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு பற்றிக் என்பவரின் வள்ளத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து வந்தான்.

செபமாலை பாதியில் இருக்கும்போது காற்றுத் திரும்பியது. பக்கவாட்டில் ஒரு அலை அடிக்க, வள்ளத்திலிருந்த சனம் பயத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சுருவம் ஆடியது. "ஐயோ மாதாவே!" என்று பெண்கள் குழறினார்கள். வள்ளம் மிதவையைத் தாண்டிப் பாருக்கு மேலே போய்க்கொண்டிருந்தது றெஜிக்குத் தெரியும். பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே தெரியும். இருந்தும் கை யோசிக்கவில்லை. நங்கூரத்தைத் தூக்கி எறிந்துவிட்டார்.

கயிறு இறுகியது. கீழே ஏதோ நெரிந்து முறிந்தது கயிறு வழியே அவர் உள்ளங்கைக்கு வந்தது. வள்ளம் நின்றது. சுருவமும் நின்றது. எல்லா வள்ளத்திலும் செபம் நின்றுபோய், அத்தனை கண்ணும் அவர் மேல் இருந்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியுமாம். றெஜிக்கு அந்த இடத்திலே தெரிந்தது. துடுப்பு காலடியில்தான் கிடந்தது, அது நினைவிலேயே வரவில்லை.

தொம்மென்று ஒரு சத்தம். உதயரூபன் புதுச் சட்டையோடு குதித்துவிட்டான். வெகுநேரம் கழித்துத் தலையை வெளியே நீட்டி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினான்.

"ஒண்டும் உடையல்ல! மணலுக்குள்ளதான் விழுந்து கிடந்தது! கழட்டிட்டன், இழுங்க!"

சனம் ஆறுதலாக மூச்சுவிட்டது. "மாதாட புதுமை, அற்புதம்!" என்றார் பற்றிக். றெஜி ஒரு சொல் சொல்லவில்லை. இல்லை தம்பி, உடைந்தது என் கைக்குத் தெரிந்தது என்று அந்த நேரம் சொல்லியிருக்கலாம். கயிற்றை இழுத்து நங்கூரத்தை ஏற்றியபோது அதன் கொளுவியில் ஒரு பவளக் கொப்பு சிக்கியிருந்தது. நுனியில் இன்னும் உயிர் இருந்தது, மெல்லிய நீல நிறம். யாரும் பார்க்கவில்லை. முகம் துடைக்கிற லேஞ்சியை எடுத்து அதைச் சுற்றிக் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கரைக்கு வந்ததும் சுவாமி அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, பாரைக் காக்கிற மனிதன் என்று புகழ, சனம் கைதட்டியது. தொடையில் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. வெட்கக்கேடு! கைதட்டி முடியும்வரை சிரித்துக்கொண்டு நின்றார்.

மற்ற நாள் காலையில் அவர் மனைவி சுகந்தினி உடுப்புத் துவைக்க எடுத்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"இஞ்ச பாருங்க, என்ன இது? செத்த மீன் மாதிரி நாறுது."

லேஞ்சியை விரித்தாள். நீலம் போய், சளி வடிந்து, வெள்ளை எலும்பாகக் கிடந்தது. அவளும் கரையில் பிறந்தவள்தான், ஒன்றும் விளக்கத் தேவையில்லை.

"சீதேவி வந்து நிண்டதும் இந்தப் படலையிலதானே?" என்றாள். கொப்பை அவர் முன்னால் வைத்துவிட்டு உடுப்புத் துவைக்கப் போய்விட்டாள்.

றெஜி அந்தக் கொப்பை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு கரையிலிருந்த மீன் வாடிக்குப் போனார். மீன் விலைபேசிக்கொண்டு நின்ற எல்லோருக்கும் முன்னால் காட்டினார்.

"நேத்து மணலுக்குள்ள விழல்ல. பாரில விழுந்து இத உடைச்சிருக்கு. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் வாயப் பொத்திக்கொண்டு நிண்டன். என்ட வள்ளத்தையும் ஒரு மாதம் கரையில ஏத்தோணும். வாங்க, ஒரு கை குடுங்க."

ஒருவரும் அசையவில்லை.

"விடுங்க தலைவர்" என்றார் பற்றிக். "மாதா இருந்த வள்ளம். அது வேற, இது வேற."

மற்றவர்களும் ஓம் ஓம் என்றார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த மன்னிப்புத்தான் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அன்றைக்கு உதயரூபனுக்காக இவர்களில் ஒருவர்கூட 'அது வேற' என்று சொல்லவில்லை. சொல்லவிடாமல் சிரிக்கவைத்தது யார்? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

தனியாகப் போய் வள்ளத்தைத் தள்ளினார். எஞ்சின் வள்ளம் ஒற்றை ஆளுக்கு அசையுமா? மணலில் கால் புதைந்ததுதான் மிச்சம். திடீரென்று வள்ளம் ஒரு முழம் நகர்ந்தது. திரும்பிப் பார்த்தால் உதயரூபன். வாவியிலிருந்து வந்தவன், இறால் பறியை மணலில் வைத்துவிட்டுத் தோளைக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டாப்பா பொய் சொன்னாய்?" என்றார் றெஜி.

"அண்டைக்குக் கூட்டத்தில எல்லாரும் சிரிக்கக்குள்ள, எனக்காக ஆராவது ஒரு சொல்லுச் சொல்லமாட்டாங்களா எண்டு சுத்திப் பாத்தன் அண்ணன். அது எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும்."

றெஜி வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தார். முகத்தைத் துடைத்துவிட்டு, "உன்ட வள்ளத்த இண்டைக்கே இறக்கு. மிச்ச நாள் வேணா. நான் சங்கத்தில சொல்லுறன்" என்றார்.

"வேணா அண்ணன். முடியட்டும். நான் உங்களுக்காகவா ஏத்தி வச்சிருக்கன்? என்ட நங்கூரமும் பாரை உடைச்சதுதானே."

இரண்டு பேரும் மறுபடி தோளைக் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க மனமில்லாமல் வாடியிலிருந்து பற்றிக்கும் மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். வள்ளம் உதயரூபனுடைய வள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது.

உதயரூபன் பறியைத் தூக்கிக்கொண்டு நடந்தவன், திரும்பி நின்று இடைவெளியைப் பார்த்தான்.

"கொஞ்சம் தள்ளி வையுங்க அண்ணன். வாற கிழமை நான் இறக்கக்குள்ள உங்கட வள்ளம் இஞ்சதானே கிடக்கும்."