இடமாகச் சுற்றிய நாடா

சின்னசேலத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து இளவரசன் அந்த ரேஸ் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து இறக்கியபோது, அவர் மனைவி செந்தமிழ்ச்செல்வி தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? சைக்கிளா, சைக்கிளோட எலும்பா?"

இளவரசன் வடக்கனந்தலில் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். வயது நாற்பத்தாறு. பிள்ளைகளை 'ஓடு, ஓடு' என்று விரட்டிவிட்டுத் தான் மட்டும் விசிலோடு நின்றுகொண்டிருந்ததில் வயிறு முன்னால் வந்துவிட்டது. அந்த வருத்தத்தில் ஒருநாள் பத்தாம் வகுப்பில் வாய் தவறி, "இந்தப் பொங்கலுக்குள்ள சைக்கிள்ல வெள்ளிமலை ஏறி எறங்கிக் காட்டறேன்டா" என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் கணக்குப் பாடத்தை மறப்பார்கள், இதை மறப்பார்களா? தினம் காலையில் பிரேயர் முடிந்ததும், "சார், சைக்கிள் இன்னா ஆச்சி சார்?"

மூன்று மாதம் அந்த மனிதர் சைக்கிளே கதி என்று கிடந்தார். மண்ணெண்ணெயில் ஊறப்போட்டார், உப்புத்தாளால் தேய்த்தார், கரும்பச்சைப் பெயின்ட் அடித்தார். கடைசியில் பார்த்தால், எலும்புக்கு உயிர் வந்துதான் இருந்தது. கிடாக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் கீழே வளைந்த ஹேண்டில்பாருக்குத் துணி நாடா சுற்றுவது ஒன்றுதான் பாக்கி. அந்தக் காலத்து ரேஸ் சைக்கிளுக்கு ரப்பர் பிடி கிடையாதாம், பஞ்சுத்துணி நாடாதானாம். சென்னையிலிருந்து செங்காவி நிறத்தில் வரவழைத்திருந்தார்.

நான்கு முறை சுற்றினார். நான்கு முறையும் வளைவுக்கு வந்ததும் நாடா சுருங்கிக்கொண்டது.

"குடுங்க இங்க," என்றாள் செல்வி.

அவளுக்கு இதெல்லாம் விரல் நுனி வேலை. ஊரில் பாதி ஜாக்கெட் அவள் தைத்தது. ஆடி மாதம் மாரியம்மன் கோயில் வேப்பமரத்துக்கு மஞ்சள் நூல் சுற்றுவதானாலும், புது வீட்டுக் கலசச் சொம்புக்கு நூல் கட்டுவதானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். முக்காலியைச் சைக்கிளின் சீட்டுக்குப் பக்கத்தில் போட்டு, வலப்பக்கத்துக் கொம்பின் முனையில் ஆரம்பித்தாள். ஒரு சுற்றின் பாதியை அடுத்த சுற்று மூட, இழுத்துப் பிடித்து, வலமாகச் சுற்றிக்கொண்டே மேலேறினாள். மேல்முனையை மடித்து ஊசியால் தைத்துவிட்டாள். ஒரு சுருக்கம் கிடையாது.

"யம்மாடி!" என்று வாயைப் பிளந்தார் வாத்தியார். "இதே மாதிரி எடது பக்கம். ஆனா அத்த மட்டும் திருப்பி சுத்தணும்."

"திருப்பின்னா?"

"எடமா."

செல்வியின் கை நின்றுவிட்டது. போன மாசியில் அவள் அப்பா ஆதிமூலம் போனபோது, தண்ணீர்க் குடத்தோடு அவரை மூன்று முறை இடமாகச் சுற்றி வந்தாள். அது வரைக்கும் அவள் வாழ்க்கையில் எதையும் இடமாகச் சுற்றியதில்லை. அந்த மூன்று சுற்றும் இன்னும் காலைவிட்டுப் போகவில்லை.

"நல்ல காரியத்துக்கு நான் எடமா சுத்த மாட்டேன். அதுவும் நீங்க மலை எறங்கப்போற சைக்கிளுக்கு. வளைவுக்கு வளைவு ஜீப்புங்க எப்படி வருது தெரியுமில்ல?"

"இல்ல செல்வி, கை வந்து..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். "சரி. உன் இஷ்டம்."

இரண்டு பக்கமும் வலமாகச் சுற்றினாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். மனசு நிம்மதியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒத்திகைக்குக் கோமுகி அணை வரைக்கும் போய்வந்தார். திரும்பி வந்தவர் சைக்கிளைச் சுவரோரம் இடப்பக்கம் மறையும்படி சாய்த்துவிட்டு, நேரே குளிக்கப் போய்விட்டார். பதினெட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவளிடம் இந்தச் சாமர்த்தியம் பலிக்குமா? சைக்கிளைத் திருப்பினாள்.

இடப்பக்கத்து நாடா தொளதொளவென்று விலகி, நடுவில் பல்லிளித்துக்கொண்டு இரும்பு தெரிந்தது. வலப்பக்கமோ சுற்றியபோது இருந்ததைவிட இறுகியிருந்தது.

அவர் ஈரத்தலையோடு வந்தார். "வெய்யில்ல கொஞ்சம் லூசாயிடிச்சி. சணல் போட்டு கட்டிக்கலாம்."

"வெய்யில் எடது பக்கம் மட்டுந்தான் அடிச்சிதா? கைய காட்டுங்க."

இடது உள்ளங்கையில் கட்டைவிரலுக்குக் கீழே கொப்புளம். செல்வி சைக்கிளுக்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நின்று, இறக்கத்தில் பிடிப்பதுபோல இரண்டு கொம்பையும் பிடித்து உடம்பை முன்னால் சாய்த்தாள். பாரம் இறங்கியதும் இரண்டு கையும் தானாக வெளிப்பக்கம் முறுக்கிக்கொண்டன. வலது கை முறுக்க முறுக்க நாடா இறுகியது. இடது கை முறுக்க முறுக்க நாடா அவிழ்ந்தது. ஜாக்கெட் தைக்கிற கைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்," என்றாள்.

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொல்ல வந்தேன். உன் முகம் மாமா போன அன்னிக்கி இருந்த மாதிரி ஆயிடிச்சி." அவர் துண்டால் தலையைத் துவட்டுவதுபோல முகத்தை மறைத்துக்கொண்டார். "எறக்கத்துல கொஞ்சம் கெட்டியா புடிச்சிக்கினா போதும்னு வுட்டுட்டேன்."

செல்விக்கு வந்ததே கோபம்! "எறக்கத்துல நாடா சறுக்கி, கை பிரேக்க வுட்டு வழுக்கினா? நான் பயப்படுறேன்னு நீங்க போய் கீழ வுழுவீங்களா? இன்னா மனுசன்யா நீ!" கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக மரியாதை பறந்தது. சொல்லிவிட்டு அவளே அழுதாள். அவருடைய பிரியத்தை நினைத்து அழுதாளா, அவரைக் காப்பாற்றச் சுற்றிய நாடாவே அவரைக் கவிழ்க்கப் பார்த்ததை நினைத்து அழுதாளா என்றால், இரண்டுக்கும்தான்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம், தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை ஓரம் வைத்துவிட்டு இடப்பக்கத்து நாடாவை அவிழ்த்து எடுத்தாள். முதலில் அவளுக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. முக்காலியைத் தூக்கிக்கொண்டு முன்சக்கரத்துக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். பின்னாலிருந்து பார்த்தால் இடம் என்பது முன்னாலிருந்து பார்த்தால் வலம்தானே! சாமியை ஏமாற்ற நல்ல இடம்தான். ஆனால் கொம்பின் முனை அந்தப் பக்கம் இருந்தது. நாடா எங்கே ஆரம்பிக்கிறது என்றே கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் சுற்றினால் சுருக்கம் விழும். சுருக்கம் விழுந்தால் அவர் கையில் குத்தும்.

முக்காலியைப் பழையபடி சீட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டாள். முனையில் நாடாவைப் பதித்தாள். இடமாக ஒரு சுற்று. அப்பா நினைவுக்கு வந்தார். இரண்டாவது சுற்று. மூன்றாவது சுற்று. இழுத்துப் பிடித்துக்கொண்டு, "இது பயணம் அனுப்புற சுத்து இல்ல, புடிச்சிக்கிற சுத்து," என்று வாய்விட்டே சொன்னாள். நாலாவது சுற்று வந்தது. அப்பாவுக்கு மூன்றோடு முடிந்துபோயிருந்தது, இது முடியவில்லை. ஐந்து, ஆறு, ஏழு என்று நாடா வளைவில் ஏறிக்கொண்டே போனது, அவள் எண்ணுவதையும் விட்டுவிட்டாள். மேல்முனையில் இரட்டைத் தையல் போட்டாள்.

மறுநாள் விடிந்ததும் இளவரசன் கிளம்பினார். செல்வி இடது கொம்பைத் தானே ஒருமுறை பிடித்து முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். போனபின் இட்லிக்கு ஊறப்போட்டாள், இரண்டு ஜாக்கெட்டுக்குக் கொக்கி கட்டினாள், அதில் ஒன்றை மாற்றிக் கட்டியிருந்ததைப் பார்த்துப் பிரித்தாள்.

பத்தரை மணிக்கு போன் வந்தது. பின்னால் பஸ் ஹாரனும் ஆட்கள் சிரிக்கிற சத்தமும் கேட்டன.

"செல்வி, வெள்ளிமலை வந்துட்டேன்! மூணு எடத்துல எறங்கி தள்ளிகினு வந்தேன், அத்த பசங்ககிட்ட சொல்லிடாத. டீ குடிச்சிக்கினு இருக்கேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "எறக்கம் உனக்கு பயமா இருந்தா சொல்லு. சைக்கிள பஸ்ஸு மேல போட்டுகினு வந்துடறேன். நெஜமாத்தான் சொல்றேன்."

செல்விக்குப் பயம் இருந்தது. இல்லை என்று பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"எடது பக்கம் எப்படி இருக்குது?"

"அப்படியே ஒட்டிகினு இருக்குது. ஒரு நூலு நகரல."

"அப்ப எறங்குங்க," என்றாள் செல்வி.